குறுஞ்செய்தி காட்டும் வழியில் போகாதீர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் எங்கள் தெருவில் யாராவது கைபேசியை நீட்டி, "சார், இது நிஜமாக வந்ததா?" என்று கேட்காத வாரம் இல்லை. நிஜமா பொய்யா என்று ஆராய்வது இரண்டாவது வேலை என்றுதான் அவர்களிடம் சொல்வேன். முதல் வேலை, அந்தச் செய்தி காட்டும் வழியில் போகாமல் இருப்பது. வழி நம்முடையதாக இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் வந்த ஒரு செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பைத் துண்டிப்போம், உடனே மின் அதிகாரியிடம் பேசுங்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். கீழே ஒரு கைபேசி எண். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அது வந்தது. பண்டிகை நேரம், ஜாக்கெட் துணிகள் மலையாகக் கிடக்கின்றன. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. பதறிப்போய் அந்த எண்ணுக்குப் பேசிவிட்டார்.

எதிர்முனையில் இருந்தவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். "பயப்படாதீர்கள் அம்மா, 10 ரூபாய் கட்டினால் போதும், கணக்கு சரியாகிவிடும். நான் சொல்லும் செயலியை மட்டும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றான். அது ஏன் 10 ரூபாய்? நாம் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை அது. அவனுக்கு அந்தப் பத்து ரூபாய் தேவையே இல்லை. அந்தச் செயலி நம் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும். பத்து ரூபாய் கட்ட நாம் அட்டை எண்ணை அழுத்துவதையும், அடுத்து வரும் ஓடிபியையும் அவன் உட்கார்ந்த இடத்தில் இருந்தே படித்துக்கொள்வான்.

அக்கா அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். "என் சர்வீஸ் நம்பர் என்ன, சொல்லுங்கள்." அவன், "நீங்கள் சொல்லுங்கள் அம்மா, நான் சரிபார்க்கிறேன்" என்றான். "இணைப்பைத் துண்டிக்கப் போகிறவருக்கு எந்த இணைப்பு என்று தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். மீட்டர் பக்கத்தில் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்தார். அதில் இருந்த சர்வீஸ் நம்பரைக் கொண்டு, தாம் எப்போதும் பணம் கட்டும் இடத்தில் பார்த்தார். பாக்கி இல்லை. இதைத்தான் நம் வழி என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளுக்கு மின்கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. "போன மாத பில்" என்று எழுதியவனுக்கு நம் வீட்டு நடைமுறையே தெரியாது. நிதானமாகப் படித்தால் இது கண்ணில் படும். படிக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் 9.30 மணி என்று கெடு வைக்கிறார்கள்.

வங்கியின் பெயரில் வந்தாலும் இதே கதைதான். கேஒய்சி, அதாவது வங்கியில் நீங்கள் கொடுத்த அடையாள விவரம், காலாவதியாகிவிட்டது, கணக்கு முடங்கும், இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வரும். அழுத்தாதீர்கள். உங்கள் ஏடிஎம் அட்டையின் பின்புறம் வங்கியின் எண் இருக்கிறது, அதற்குப் பேசுங்கள். இல்லையென்றால் கிளைக்கு நடந்து போங்கள். அனுப்பியவர் பெயரையும் பாருங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணில் இருந்து வருவதில்லை, எழுத்துகளால் ஆன பெயரில் வரும். இப்போது அந்தப் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிவர்த்தனைக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி. ஆனால் எழுத்து சரியாக இருக்கிறதே என்று இணைப்பை அழுத்திவிட வேண்டாம். மீண்டும் சொல்கிறேன், வழி நம்முடையதாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வருகிறது, பின்னை அழுத்துங்கள்" என்று யார் சொன்னாலும், போகப்போவது உங்கள் பணம்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் காட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது திறந்தால் போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்புகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர் எண்ணில் இருந்து வந்தாலும் அவற்றைத் திறக்காதீர்கள். அவர் போனே பறிபோயிருக்கலாம். தொல்லை தரும் விளம்பரச் செய்திகளுக்கு 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டால் வீட்டில் யாரும் திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நேரத்தில் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கையில் சொன்னது. எழுதிக்கொள்ளுங்கள், ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். வணக்கம்.