"ஒண்ணுதானே மச்சி!"

(காட்சி: பெட்டிக்கடை வாசல். நூலில் கட்டித் தொங்கும் லைட்டர்.)

சிகரெட்டை விட்டு நாலாவது நாள். சாயங்காலம் நாலரை மணி. ஆபீஸ் கூட்டாளிகளோடு டீக்கு இறங்குகிறீர்கள். ஒருத்தர் பற்றவைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் உங்களுக்கும் ஒன்றை நீட்டுகிறார்.

"வேணாம், விட்டுட்டேன்."

"அட, ஒண்ணுதானே மச்சி!"

பலருடைய சபதம் உடைகிற இடம் இதுதான். உடைந்ததும் "அவனுக்கு மன உறுதி இல்லை" என்கிறோம். நீட்டிய கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

(காட்சி: புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு வலை. புள்ளிகள் கொத்துக் கொத்தாக நிறம் மாறுகின்றன.)

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்துவரும் இதய ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலிருந்து 12,067 பேரை எடுத்து, யாருக்கு யார் உறவு, யாருக்கு யார் நண்பர் என்று 1971 முதல் 2003 வரை கோடு போட்டுப் பார்த்தார்கள் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவ்லர் என்ற இரு ஆய்வாளர்கள். 2008-இல் முடிவு வந்தது. கணவன், மனைவியில் ஒருவர் விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. கூடப்பிறந்தவர் விட்டால் வெறும் 25. அண்ணன் தம்பியைவிட டீக்கடைத் தோழனுக்குச் செல்வாக்கு அதிகம் போல!

ஒரே மாதிரி ஆட்கள்தானே நண்பர்களாகிறார்கள், இதில் நண்பரின் செல்வாக்கு எங்கே என்று இந்த ஆய்வை மடக்கிக் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் ஜமாவாக விடுகிறார்கள் என்பது அந்த வலையில் பளிச்சென்று தெரிகிறது.

(காட்சி: இரண்டு பேர் டீ கிளாஸோடு கடையை விட்டுத் தள்ளி நடக்கிறார்கள்.)

சரி, கூட இருப்பவர் என்ன செய்யலாம்? நிகோடின் ஏக்கம் முதல் சில நாட்கள்தான் மூர்க்கமாக இருக்கும், பிறகு வாரக்கணக்கில் மெல்ல அடங்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் ஆள் தேவை. நாலரை மணிக்கு ஒரு போன் போடுங்கள். லைட்டர் தொங்காத கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போங்கள். வீட்டில் தினமும் சட்டைக் காலரை மோந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்; அது வேவு பார்ப்பது. ஒருநாள் சறுக்கிவிட்டாரா? "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாமல், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று கேளுங்கள். மறுநாள் அந்த நேரத்துக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

அப்புறம், புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் ஒண்ணு ரெண்டு என்று சில்லறையில் வாங்குகிறவர் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்? அப்படி ஒருத்தர் உங்கள் ஜமாவில் இருந்தால், அந்த நம்பரை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிடுங்கள்.