கடை திறந்தால் கள்ளச்சந்தை மூடுமா?

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிரிலும் குல்லாவும் கம்பளியுமாகக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் கொடைக்கானல் மலைப் பூம்பாறைச் சொந்தங்களுக்கும் வணக்கம். தடை செய்த போதைப் பொருள்களுக்குச் சட்ட அனுமதி தருவது தீர்வா, தீங்கா? தீங்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னார்: "அரசாங்கமே கடை வைத்தால் திருட்டு வியாபாரம் படுத்துவிடும்." அண்ணே, அந்தப் பரீட்சையை நாம் ஏற்கெனவே எழுதிவிட்டோம். 2003லிருந்து மதுவை அரசுக் கடைதான் விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஊருக்கு டாஸ்மாக் தெரியாதா? குவார்ட்டருக்குக் காசு பத்தாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். வரி கட்டிய சரக்கைவிட வரி கட்டாத சரக்கு என்றைக்கும் மலிவுதான். கஞ்சாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறுமா?

அடுத்து போர்ச்சுகல். "2001லேயே அங்கே எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டார்கள்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அனுமதிக்கவில்லை அண்ணே! தன் தேவைக்குப் பத்து நாள் அளவு வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்கு இழுக்காமல், ஒரு குழுவின் முன்னால் உட்கார வைத்துச் சிகிச்சைக்கு வழி சொல்கிறார்கள். விற்பவன் இன்றும் அங்கே குற்றவாளிதான். நம்முடைய 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறு அளவோடு பிடிபட்ட அடிமை தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு. அதை விரிவாக்கு என்று கேளுங்கள், நானே உங்கள் பக்கம் வந்து உட்காருகிறேன். ஆனால் நீங்கள் வியாபாரிக்கு போர்டு மாட்டித் தரச் சொல்கிறீர்கள். ஆக, போர்ச்சுகல் எங்கள் அணியின் சாட்சி. நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

"மலை விவசாயி கஞ்சா பயிரிட்டுப் பிழைப்பான்" என்றது எதிரணித் தங்கச்சி. நம் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்தது. இன்றைக்கும் மூட்டையை வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு இறக்கினால் விலை சொல்வது யார், நீங்களா, கமிஷன் கடைக்காரரா? பூண்டுக்கே விலை சொல்ல முடியாத நம்மிடமா கஞ்சா லைசென்ஸ் தங்கும்?

நான் நாலு ரூம் வாடகைக்கு விடுகிறவன். மழை விட்டால் போதும், பையன்கள் செல்போனில் போதைக் காளான் படத்தைக் காட்டி, "அண்ணே, இந்தக் காளான் எங்கே கிடைக்கும்?" என்பார்கள். போன வருடம் ஒருவன் எதையோ பறித்துத் தின்றுவிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பேரிக்காய் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என் கை எங்கே, என் கை எங்கே" என்று அழுகிறான். கை மரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது! கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக 20 கிலோமீட்டர் வளைவு, மூடுபனியில் வண்டி எடுக்க ஆளில்லை. நானும் வீட்டுக்காரியும் அவன் மேல் கம்பளியைப் போர்த்தி, விடியும் வரை ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அனுமதி இருந்தால் பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும்" என்பீர்கள். சரி, அளவு போட்டவன் ராத்திரி வந்து கையைப் பிடிப்பானா?

காலையில் பக்கத்து ரூமிலிருந்து அவன் கூட்டாளிகள் எழுந்து வந்தார்கள். கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, செக்-அவுட் எத்தனை மணிக்கு?"