கல்லறையில் கட்டிய புத்தகம்

நடுவர் அவர்களே, வணக்கம். நவீன எபிரேய எழுத்தாளர்களைப் புரிந்துகொள்ள அவர்கள் எழுத்தே போதுமா, வாழ்க்கையும் தெரிய வேண்டுமா? எழுத்தே போதும் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு அப்படி.

ஆனால் ஐயா, இது எந்த மொழி என்பதை அவர் மறந்துவிட்டார். நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களின் வேதத்திலும் தொழுகையிலும் இருந்த மொழி. அதில் எழுத வந்தவர்கள் வீட்டில் பேசியது ரஷ்யன், ஜெர்மன், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ். கவிஞர் லேயா கோல்ட்பெர்க்கின் வீட்டு மொழி ரஷ்யன். பத்து வயதில் அந்தப் பிள்ளை நாட்குறிப்பை எபிரேயத்தில் எழுதத் தொடங்கியது. பேச ஒரு மொழி, மனசுக்குள் பேச வேறொரு மொழி! இது எந்தக் கவிதை வரியில் தெரியும்?

கவிஞர் ராஹேலை எடுத்துக்கொள்வோம். 1890-ல் ரஷ்யாவில் பிறந்தவர். 1909-ல் பாலஸ்தீனம் வந்து, ரெஹோவோத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எபிரேயம் பழகினார். அப்புறம் கின்னரெத் ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்தார். வேளாண்மை படிக்க பிரான்சுக்குப் போனார். முதல் உலகப்போர் வந்தது. ரஷ்யாவில் அகதிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில்தான் காசநோய் பிடித்தது. 1919-ல் திரும்பி வந்து தெகானியா கூட்டுப்பண்ணையில் சேர்ந்தவரை, நோயைக் காரணம் காட்டி வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வருடங்கள் டெல் அவிவில், ஓர் அறையில். 1931-ல், நாற்பது வயதில் முடிந்தது.

இப்போது அவருடைய 'மலடி' கவிதையைப் படியுங்கள். எனக்கொரு மகன் இருந்தால், சுருட்டை முடியோடு, அவனுக்கு ஊரி என்று பேர் வைப்பேன் என்கிறார். வாழ்க்கை தெரியாதவருக்கும் இது நல்ல கவிதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தைகள் வாயிலிருந்து மொழியைக் கற்று, குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன காலத்தில் நோயையும் வாங்கிக்கொண்ட பெண் எழுதியது என்று தெரிந்தபின், அந்த 'ஊரி' என்ற சின்னச் சொல் வேறு மாதிரி கனக்கிறது.

யாரை யார் காதலித்தார் என்ற கிசுகிசு எனக்கும் வேண்டாம். அதில் எதிரணி பக்கம்தான் நான்.

அடுத்து கதாசிரியர் அக்னோன். "பிறந்த பெயரையே தூக்கிப்போட்டவர், அவர் வாழ்க்கை நமக்கெதற்கு?" என்று கேட்டார்கள். சரி, புதுப் பெயர் எங்கிருந்து வந்தது? 1908-ல் அவர் எழுதிய 'அகுனோத்' கதையிலிருந்து. கணவனும் இல்லாமல், விடுதலையும் கிடைக்காமல் கட்டுண்டு நிற்கும் பெண்களைக் குறிக்கும் சொல் அது. அதிலிருந்தே தன் பெயரை அமைத்துக்கொண்டார். 1924-ல் ஜெர்மனியில் அவர் வீடு எரிந்து, சுமார் 4,000 புத்தகங்களோடு ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலானது. 1966-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அந்தத் தீயைச் சொன்னார். எழுத்தே போதும் என்றால், எரிந்த எழுத்தை எங்கே போய்ப் படிப்பது?

மணி அடிக்கிறீர்கள், ஐயா, ஒரு நிமிடம். கின்னரெத் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் ராஹேலின் கல்லறையருகே அவர் கவிதைப் புத்தகத்தைச் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். நூலகத்தில் கிடைக்காத புத்தகமா அது? எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.