டக்டின் உறுமலை அடக்கும் வெற்றுப் பெட்டி

[காட்சி: காரைக்குடி வீடொன்றின் வளவு. அடுத்து, அறையின் கூரையோரமாகச் செல்லும் தகர டக்ட்.]

வணக்கம். செட்டிநாட்டின் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறும்போது, குளிர்காற்றுக்காகப் போடப்படும் தகரக் குழாயான டக்ட், காற்றோடு சேர்த்து ஃபேனின் உறுமலையும் அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மெல்லிய பலகைத் தடுப்புகள் உள்ள புதுக் கட்டடங்களில் அந்தப் பலகைகளே சற்று அதிர்ந்து, தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆனால் தடித்த செங்கல் சுவரும், மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அசைந்து கொடுப்பதில்லை. உள்ளே வந்த ஒலி அங்கேயே சுற்றி நிற்கிறது.

இந்த உறுமலுக்கு ஒரு குறிப்பிட்ட சுருதி உண்டு. 8 இதழ்கள் கொண்ட ஃபேன் நிமிடத்துக்கு 960 முறை சுழன்றால், நொடிக்கு 16 சுற்று. ஒவ்வோர் இதழும் காற்றை ஒருமுறை தள்ளுவதால், 8 இதழ்களால் பெருக்கினால் 128 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 128 அதிர்வுகள். 15 டிகிரிக் குளிர்காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 2.66 மீட்டர். டக்டின் உட்புறம் ஒட்டும் 25 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் எனும் கண்ணாடி இழைப் பஞ்சு, காற்றின் 'உஸ்' என்ற இரைச்சலை நன்றாகக் குறைக்கும். இவ்வளவு நீண்ட அலைக்கு முன் அது மெல்லிய துணி போன்றது. அதன்மேல் இன்னொரு அடுக்கு ஒட்டினால் போதும் என்று நினைப்பது காசையும் டக்டின் இடத்தையும் வீணாக்கும் என்பதே என் கருத்து.

[காட்சி: வெறும் பித்தளைக் குடம். பிறகு, டக்டின் பக்கவாட்டில் கழுத்துடன் பொருத்திய மூடிய பெட்டி.]

வெறுங்குடத்தின் வாயருகே காதை வைத்தால் ஒரு முழக்கம் கேட்கும். குடத்தின் கழுத்தில் உள்ள காற்று ஓர் எடைபோலவும், வயிற்றில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் இயங்கி, தமக்கே உரிய ஒரு சுருதியில் மட்டும் பலமாக அதிர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தகைய வெற்றுக் கலங்களைக் காதில் வைத்து, கலவையான ஒலியிலிருந்து தனித்தனிச் சுருதிகளைப் பிரித்துக் கேட்டார். அதே கலத்தை டக்டின் பக்கவாட்டில் பொருத்தினால், அதன் சுருதியில் வரும் ஒலி கழுத்துக் காற்றை வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அதனால் கழுத்தின் வாயருகே அழுத்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ இல்லாமற்போய், அலையின் பெரும்பகுதி ஃபேன் பக்கமே திருப்பி அனுப்பப்படுகிறது. காற்றோட்டத்துக்கோ குறுக்கே எந்தத் தடையும் இல்லை.

128 ஹெர்ட்ஸுக்கு, 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட கழுத்து வைத்தால், பெட்டியின் கொள்ளளவு சுமார் 3.8 லிட்டர் இருக்க வேண்டும். கழுத்தின் இரு முனைகளுக்கும் வெளியே உள்ள காற்றும் சேர்ந்து அசைவதால், கணக்கில் நீளத்தை 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே எடுக்க வேண்டும். இதை மறந்தால் சுருதி வெகுவாகத் தவறிவிடும். கழுத்தை மாற்றாமல் சுருதியைப் பாதியாக இறக்க, கொள்ளளவு நான்கு மடங்காக வேண்டும்.

வெப்பநிலையும் முக்கியம். 35 டிகிரி வெயிலில், ஏ.சி. ஓடாதபோது பெட்டியைச் சோதித்தால் அது 132 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டும். குளிர்காற்று ஓடத் தொடங்கியதும் 128க்கு இறங்கும். ஆகவே ஓடும் நிலையில்தான் சோதிக்க வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தில் குளிர்காப்பு இல்லையென்றால், அதன் மேல் நீர் முத்துமுத்தாகக் கோத்துத் தேக்கு உத்தரத்தில் சொட்டும். கழுத்தின் வாய் கூராக இருந்தால், வேகமான காற்று அதன்மேல் ஓடும்போது விசில் எழும்; விளிம்பை உருட்டிவிட்டு, துளையிட்ட தகடு ஒன்றை வாயில் பொருத்துவது நல்லது.

ஃபேனின் வேகம் அடிக்கடி மாறுமானால் ஒரே பெட்டி போதாது; அருகருகான சுருதிகளுக்கு இரண்டு மூன்று பெட்டிகள் தேவைப்படும். வேகம் மாறாத இடத்தில், பெட்டியின் பின்தகட்டை முன்னும் பின்னும் நகரும்படி செய்து, அறையில் ஒருவர் ஒலியை அளந்தபடி இருக்க, உறுமல் மிகக் குறையும் இடத்தில் அதைத் திருகி முடுக்கிவிடலாம்.