படகில் பெட்ரோல் வாடை

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டிப் பக்கம் எஸ்டேட் குளத்தில் விடலாம் என்று கீழே கேரளப் பக்கத்தில் இருந்து பழைய மோட்டார் படகு வாங்கி, லாரியில் மலையேற்றிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. வந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். "இஞ்சின் நல்லா ஓடுதுங்க, பெட்ரோல் வாடைதான் லேசா வருது" என்பார்கள். என்னைக் கேட்டால், அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை சாவியைத் தொடவே கூடாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் தரையில் பரவிக் கலைந்துவிடும். படகின் அடிப்பகுதியோ மூடிய தொட்டி. ஆவி அங்கேயே தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். ஊட்டிக் குளிரில் எங்கே ஆவியாகப் போகிறது என்று நினைக்காதீர்கள். மைனஸ் 40 டிகிரியில்கூடப் பற்றக்கூடியது அது.

சமையல் கேஸ் கசிந்தால் என்ன செய்வோமோ, அதையே இங்கும் செய்யுங்கள். எந்த சுவிட்சையும் தொடாமல், மூடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். அடிப்பகுதிக் காற்றை வெளியே தள்ளும் ஃபேன், அதாவது பிளோயர், இருக்கிறதே என்று அவசரப்பட்டுப் போட வேண்டாம். படகுக்கென்று செய்த பிளோயரில் பொறி வெளியே வராது. ஆனால் பழைய படகில் யாராவது அதற்குப் பதில் கார் ஃபேனை மாட்டியிருப்பார்கள். அதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்புறம், வாடை எப்போது வருகிறது என்று பாருங்கள். டேங்க் நிரப்பியதும் வந்து, பாதி காலியானதும் நின்றுவிட்டால் கோளாறு மேலேதான்: நிரப்பும் ஓஸ், காற்றுப்போக்கி ஓஸ், டேங்க் மேலிருக்கும் அளவுமானியைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட். ஓடி நின்ற பிறகு வந்தால் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் போங்கள். எந்நேரமும் வந்தால் டேங்க்கின் அடியையே சந்தேகப்பட வேண்டும்.

ஓஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். மேலே பளபளவென்று இருக்கும். சுத்தமான வெள்ளைத் துணியால் அடிப்பக்கம், வளைவு, கிளாம்ப் பிடிக்கும் இடம் என்று ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, துணியை வெளியே எடுத்துப் போய் மோந்து பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுத் துணி. ஓஸ் ஒழுகாமலே ரப்பர் வழியாக ஆவி ஊறி வரும். துணி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது.

மலைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நிரப்பி இறுக மூடிய கேன், 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டிக்கு வருவதற்குள் உப்பிவிடும். படகுக்குள் வைத்து அதைத் திறந்தால் ஆவி புஸ்ஸென்று பாய்ந்து நேராக அடியில் இறங்கும். கரையில், வெட்டவெளியில், மெதுவாகத் திறவுங்கள். கையடக்க டேங்க்குகளையும் கரைக்கு இறக்கியே நிரப்புங்கள்.

கசியும் ஓஸில் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். படகுக்கென்றே விற்கும் பெட்ரோல் ஓஸை வாங்கி, ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். கழற்றிய பழைய ஓஸை அங்கேயே துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது இன்னொரு படகில் மாட்டிவிடுவார்கள்.