குழந்தை தூங்கிய பிறகும் தூங்காத நான்

வணக்கம். இப்போதுதான் பாப்பா கண்ணயர்ந்தாள், அதனால் மெதுவாகத்தான் பேசுவேன். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த மனச்சோர்வைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிரசவமாகி ஆறாவது வாரம். ராத்திரி மூன்று மணி இருக்கும். பால் குடித்துவிட்டு அவள் அசந்து தூங்குகிறாள். நான் மொபைல் வெளிச்சத்தில் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நூறு வரை எண்ணுவேன், திரும்பவும் ஒன்றிலிருந்து. உடம்பெல்லாம் அசதி, தூக்கம் மட்டும் கிட்டே வராது. "கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் ஏது?" என்றார்கள். குழந்தை எழுப்பிவிடுவது வேறு, அது தூங்கியும் நமக்குத் தூக்கம் வராதது வேறு. இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் சும்மா சும்மா அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. பேபி ப்ளூஸ் என்பார்கள், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வுதான்.

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். எடின்பரோ அளவுகோல், அதாவது பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருக்கலாமா என்று பதில்களுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் கேள்வித்தாள். 1987இல் வந்தது, பத்தே கேள்விகள். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, இந்த மாதிரி. ஐந்து நிமிட வேலை. பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டவைதான் என்னை உலுக்கின. முன்பு மனச்சோர்வு இருந்ததா? கர்ப்பத்தின்போதே பதற்றம் இருந்ததா? குழந்தையை மாற்றிப் பிடிக்க வீட்டில் ஆள் உண்டா? கணவர் கை நீட்டுவாரா? பணக் கஷ்டம்? இதெல்லாம் ஆபத்தைக் கூட்டுமாம். முதல் இரண்டுக்கும் என் பதில் "ஆமாம்". இரண்டுமே பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடியவை! ஒவ்வொரு செக்கப்பிலும் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தைராய்டும் பார்க்கச் சொன்னார். அது கோளாறானாலும் இதே சோர்வு வருமாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். நான் எடுத்தேன், பாலும் கொடுத்தேன்.

அந்தத் தாளின் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எதை டிக் செய்தாலும், மொத்த மதிப்பெண் குறைவுதானே என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். என் பேனா அந்தக் கட்டத்தில் ரொம்ப நேரம் நின்றது.