பொம்மைத் துப்பாக்கியும் தூரத்துக் கண்ணும்

(ஓஹையோ மாநிலத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் அடுத்த அறையில் நடன ஒத்திகையில் இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் பேசி முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

இன்று காலை கிளம்பும்போது, மேடையில் உங்களுக்குக் காட்டலாமே என்று ஒரு பொருளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். என் மகனுடைய ஏர்சாஃப்ட் பிஸ்டல், பிளாஸ்டிக் குண்டு விடும் விளையாட்டுத் துப்பாக்கி. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம். கார் கதவைத் திறக்கும்போதுதான் பையைப் பார்த்தேன். துப்பாக்கியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில், கோட்டு போட்ட ஓர் ஆள் இப்படி ஒரு பையோடு இறங்கினால் எதிர்வீட்டு சன்னலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்திருக்கிறேன். நான் இன்று சொல்ல வந்தது கிட்டத்தட்ட இவ்வளவுதான். மீதி நேரத்துக்கு இதையே விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது என் மாமியாரால். இரண்டு வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்தார். பெட்டியைத் திறந்தால் அப்பளம், வடகம், நாரத்தங்காய். அதற்கெல்லாம் அடியில், வேட்டியில் சுற்றி ஒரு தீபாவளித் துப்பாக்கி. வெள்ளிப் பூச்சு, சுழலும் உருளை, எல்லாம் அச்சு அசல். "பேரனுக்குத்தான் மாப்பிள்ளை. கைப்பையில் வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, அதான் பெட்டியிலேயே போட்டுட்டேன். பொட்டு வெடி கொண்டு வரலை, பயப்படாதீங்க" என்றார். பொட்டு வெடியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கே அது அன்றுதான் தெரியும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தானே வளர்ந்தேன்? ரோல் கேப்பைத் துப்பாக்கிக்குள் சுருட்டி வைத்து, விசையை இழுத்து, அந்தக் கந்தக வாசனையை மூக்கில் ஏற்றிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியவர்கள்தான் இங்கே பாதிப்பேர். துப்பாக்கி கெட்டுப்போனால் சுருளைத் திண்ணையில் வைத்துக் கல்லால் குத்துவோம். எங்கள் தெருவில் எந்தப் பாட்டியும் எங்களைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிடவில்லை. காரணம் ரொம்ப எளிது. அந்தத் தெருவில் நிஜத் துப்பாக்கி யாரிடமும் இல்லை. பையன் கையில் இருப்பது பொம்மைதான் என்று பார்க்கிற எல்லோருக்கும் யோசிக்காமலே தெரியும். இங்கே அந்த நிச்சயம் கிடையாது. ஓஹையோவில் பெரியவர்கள் நிஜத் துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கச் சட்டமே இடம் தருகிறது. பொம்மை அதே பொம்மைதான். பார்க்கிறவர் வேறு.

இனி சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. ஆனாலும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நடந்தது நம் பக்கத்தில். தியாகராஜர் ஆராதனைக்கு வருடா வருடம் போகிறோமே, அதே கிளீவ்லேண்டில். 2014 நவம்பர் 22, அதுவும் ஒரு சனிக்கிழமை. கடெல் பொழுதுபோக்கு மையத்தின் பூங்காவில் டமீர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினப் பையன் ஒரு ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். நண்பனிடம் வாங்கியது. அந்த நண்பன் ஒருமுறை அதைப் பழுது பார்க்கப் பிரித்திருக்கிறான், திரும்ப மாட்டும்போது, பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனையைப் பொருத்த முடியவில்லை. இது பிறகு விசாரணையில் தெரிந்தது. பார்க்க நிஜம் மாதிரியே இருக்கிறது, ஜாக்கிரதை என்றும் அந்த நண்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஒரு சிறுவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பூங்காவில் இருந்த ஒருவர் 911 அவசர எண்ணுக்குக் கூப்பிட்டார். துப்பாக்கி அநேகமாகப் பொய்யாகத்தான் இருக்கும் என்று இரண்டு முறை சொன்னார். அந்த ஆள் அநேகமாகச் சிறுவன் என்றும் சொன்னார். இந்த 'அநேகமாக' ரோந்துக் காருக்குப் போய்ச் சேரவில்லை. அழைப்பை வாங்கியவருக்கும் செய்தியை அனுப்பியவருக்கும் நடுவில் எங்கோ அது விழுந்துவிட்டது. கார் புல்தரையில் ஏறி, பூங்காவிலிருந்த திறந்த மர மண்டபத்தின் பக்கத்தில் வந்து நின்றது. வந்த இரண்டு வினாடிக்குள் ஒரு காவலர் சுட்டார். சுட்ட பிறகு காவல் துறை வானொலியில் சொன்ன வயது, சுமார் 20. ஓடி வந்த 14 வயது அக்காவைத் தரையில் தள்ளிக் கைவிலங்கு போட்டார்கள். மறுநாள் பையன் இறந்தான்.

2015 டிசம்பரில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி அந்தக் காவலர் மேல் குற்றம் சாட்ட மறுத்தது. 2016-இல் நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த மர மண்டபத்தைப் பிறகு பிரித்தெடுத்து சிகாகோவுக்குக் கொண்டுபோனார்கள், நினைவுச் சின்னமாக.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையைச் சொல்லி, 'அதனால்தான் பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கக் கூடாது' என்று முடிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பையன் செய்தது தப்பே இல்லை, 12 வயதில் எல்லோரும் செய்வதுதான். தப்பு இரண்டு வினாடியில் இருக்கிறது, வழியில் விழுந்துபோன ஒரு வார்த்தையில் இருக்கிறது. கறுப்பினப் பையனின் வயதைக் கூட்டிப் பார்க்கிற கண்ணிலும் இருக்கிறது. அதையெல்லாம் திருத்த வேண்டியது ஊரும் சட்டமும். ஆனால் திருந்தும் வரைக்கும் நம் பிள்ளைகள் இதே பூங்காக்களில்தான் விளையாடப் போகிறார்கள். நம் பையன்களும் 12 வயதில் அம்மாவைவிட உயரமாகிவிடுகிறார்கள். அந்தக் கவலையில்தான் பேசுகிறேன்.

சரி, ஆரஞ்சு முனைக்கு வருவோம். நாடு முழுக்கச் செல்லும் சட்டம் ஒன்று 1988-இல் வந்தது. பொம்மைத் துப்பாக்கியின் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சுச் செருகி இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றழுத்தத்தில் குண்டு விடும் பிபி கன், பெல்லட் கன், பெயின்ட்பால் துப்பாக்கிகளுக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதாவது பார்க்க ரொம்ப நிஜமாக இருப்பவற்றில் பலவற்றுக்கு அந்த முனை கட்டாயமே இல்லை. இருந்தாலும் எத்தனை உதவும்? ஐம்பது அடி தள்ளி, சாயங்கால வெளிச்சத்தில், பையன் துப்பாக்கியை இடுப்பில் செருகியிருந்தால் முனை சட்டைக்குள் இருக்கும். போதாக்குறைக்கு, நிஜத் துப்பாக்கியின் முனைக்கே ஆரஞ்சு பூசிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. காவல் துறைக்கு இது தெரியும். அதனால் ஆரஞ்சைப் பார்த்தாலும் அவர்கள் நிம்மதி அடைவதில்லை.

கலிஃபோர்னியா ஒரு படி மேலே போனது. சான்டா ரோசாவில் 2013 அக்டோபரில் 13 வயதுப் பையன் ஒருவன், ஏ.கே. 47 போலவே செய்த ஏர்சாஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துபோனபோது காவலரால் சுடப்பட்டு இறந்தான். அதற்குப் பிறகு வந்த சட்டம் 2016 முதல் ஏர்சாஃப்டுக்கும் முனையோடு நிற்காமல் பிடி, விசைப் பக்கம் எல்லாம் பளிச்சென்ற நிறம் கேட்கிறது. பிரிட்டனில் 2007-இலிருந்தே நிஜம் போன்ற பொம்மையைச் சாதாரணமாக விற்க முடியாது. சிவப்பு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் சரி. ஊதா நிறத் துப்பாக்கியால் சுட்டாலும் திருடன் செத்துத்தான் விழுவான், ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். அதே 2014, ஆகஸ்ட் 5, இதே ஓஹையோ, டேட்டன் பக்கம் பீவர்க்ரீக். ஜான் கிராஃபர்ட் என்ற 22 வயது இளைஞர் ஒரு பெரிய கடையில் அலமாரியில் இருந்த, அந்தக் கடையே விற்கிற ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தார். யாரோ 911-க்குக் கூப்பிட்டார். அவ்வளவுதான். வந்த காவலர் சுட்டார், காசு கொடுத்து வாங்குவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

இதுவரை சொன்னது, பொம்மையை நிஜம் என்று நினைக்கிற கண். இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நிஜத்தைப் பொம்மை என்று நினைக்கிற கண். நிஜம் போன்ற கறுப்புத் துப்பாக்கியோடு மூன்று வருடம் விளையாடிய குழந்தை, நண்பன் வீட்டு மேசை இழுப்பறையில் அதே போன்ற ஒன்றைப் பார்த்தால் என்ன செய்யும்? எடுக்கும், நீட்டும், விசையை இழுக்கும். வீட்டில் நாம் பழக்கியதே அதைத்தானே?

அதனால் பிள்ளையை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். முதல் தடவை கேட்க நாக்கு எழவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இப்போது நாய், நிலக்கடலை இவற்றோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்: "வீட்டில் நாய் இருக்கிறதா? இவனுக்கு நிலக்கடலை ஆகாது. அப்புறம், துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில், "நல்லவேளை கேட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் அந்த வீட்டுக்காரர்.

கண்ணுக்கு ஆபத்து என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், நீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் ஜெல் பிளாஸ்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முகத்துக்கு முகம் சுட்டுக்கொண்டிருக்க, நாம் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏர்சாஃப்ட் குண்டு 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான். ஆனால் வினாடிக்கு சுமார் 100 மீட்டர் வேகத்தில் வரும். பிபி கன்னில் இருப்பது எஃகுக் குண்டு. கண்ணுக்குள் ரத்தம் கட்டவும் பார்வை போகவும் ஒன்று போதும். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். அந்த விளையாட்டுக்கென்றே விற்கும் முழுக் கண்ணாடி இருக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் துப்பாக்கி பெட்டியைவிட்டு வெளியே வர வேண்டும். ஜெல் உருண்டைகள் தரையில் கிடந்தால் வீட்டில் தவழும் குழந்தை எடுத்து வாயில் போடும். உலர்ந்த உருண்டை வயிற்றுக்குள் போய் நீரை உறிஞ்சிப் பெருத்து, குடலை அடைக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறை இதுதான். ஏர்சாஃப்ட் பூட்டிய பெட்டியில் இருக்கும். சாவி என்னிடம். பின்முற்றத்தில் மட்டும், நானோ மனைவியோ கூட இருக்கும்போது மட்டும். எங்கள் முற்றம் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரியும், அதனால் அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறோம். ஆரஞ்சு முனையைக் கழற்றக் கூடாது, அதன்மேல் வண்ணம் பூசக் கூடாது, ஸ்டைலாக இல்லை என்று எத்தனை கெஞ்சினாலும் சரி. காரின் பின்னிருக்கையில் போட்டு வைப்பதில்லை. பள்ளிக்கூடப் பையைத் திங்கள் காலை நானே ஒருமுறை துழாவுகிறேன். மறந்துபோன ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கிக்காகப் பள்ளியைவிட்டு நாள்கணக்கில் வெளியே நிறுத்தப்படும் பிள்ளைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் வாயால் சொன்னால் போதாது என்று, பையனோடு நின்று நடித்தே காட்டினோம். காவலர் வந்து கத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "இது பொம்மைன்னு எடுத்துக் காட்டுவேன்பா" என்றான். எல்லாப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். அதுதான் செய்யவே கூடாதது. எடுத்துக் காட்டாதே. ஓடாதே. கையில் வைத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பாதே. இடுப்பில் இருந்தால் இடுப்புப் பக்கம் கையே போகக் கூடாது. விரல்களை விரித்து, கைகளைத் தூக்கி, அசையாமல் நின்று, அவர் சொல்வதைச் செய். பொம்மை என்பதை வாயால் சொல்லு. சமையலறையில் நான் காவலராக நின்று கத்த, அவன் கையைத் தூக்க, இரண்டு மூன்று தடவை பழகினோம். மூன்றாவது தடவை என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பார்க்க முடியவில்லை என்றாள்.

தீபாவளிக்கு வருகிறேன். 2022-இல் அமலுக்கு வந்த ஓஹையோ பட்டாசுச் சட்டத்தில், வெடிக்கலாம் என்று அனுமதித்த நாட்களின் பட்டியலில் தீபாவளி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சந்தோஷமான செய்தி. ஆனால் அந்தந்த ஊர் நிர்வாகம் வேண்டாம் என்று சொல்ல அதிகாரம் இருக்கிறது, உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டு வெடித் துப்பாக்கி இங்கே சிவப்பிலும் பச்சையிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். காதருகே வைத்து வெடிக்க விடாதீர்கள். கேப் சுருளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட விடாதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும், உரசினாலே பற்றும்.

என் மாமியார் கொண்டுவந்த வெள்ளித் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. அவரே ஒரு வழி செய்தார். நகப்பூச்சு வாங்கி வரச் சொல்லி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, பிடியிலிருந்து குழல் வரை இளஞ்சிவப்பு பூசினார், நடுநடுவே மஞ்சள் புள்ளி வைத்து. பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தங்கை அதை எடுத்துக்கொண்டு ஓட, இவன் துரத்த, வீடு ரெண்டுபட்டது. ஒத்திகை முடிந்த சத்தம் கேட்கிறது. கேள்வி இருந்தால் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள்.